சைல்டிஷ், சைல்ட்லைக், ஜூவனைல், பியூரைல்: இளமையையும் முதிராமையையும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களிலும், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி, தேர்வுத்தாளில் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறார்கள். அவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும், கேரள அரசுப் பணித் தேர்வுகளுக்குத் தமிழ்த் தாளில் ஆயத்தமாகிறவர்களும், நீதிமன்றத்துக்கும் பத்திரிகைக்கும் மொழிபெயர்ப்பவர்களும் இளமை தொடர்பான ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆங்கிலச் சொற்கள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

அகராதியில் ஐந்தாறு சொற்களுக்குச் ‘சிறுபிள்ளைத்தனமான’ என்ற ஒரே பொருள்தான் இருக்கிறது. அவற்றை எப்படிப் பிரித்தறிவது?

சொல்லைப் பார்ப்பதற்கு முன்னால், அது யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். சொல்லப்படுகிறவர் அந்த வயதுக்குள்ளேயே இருக்கிறாரா, அந்த வயதைக் கடந்துவிட்டவரா என்பதுதான் முதற்கேள்வி. வயதுக்குள் இருப்பவரைப் பற்றிச் சொல்லும்போது இச்சொற்களில் பெரும்பாலானவை வெறும் தகவலாக நிற்கின்றன. வயதைக் கடந்தவர்மேல் அதே சொல்லை ஏற்றினால் அது தீர்ப்பாகிவிடுகிறது. ஆறு வயதுச் சிறுவனின் கையெழுத்து சைல்டிஷாக இருப்பது இயல்பு. நாற்பது வயது மேலாளர் கோபித்துக்கொண்டு கூட்டத்திலிருந்து எழுந்து போவதை அதே சொல்லால் குறித்தால் அது கண்டனம். சில சொற்கள் இந்த இரண்டு வேலைகளையும் செய்யும். சில ஒன்றை மட்டும் செய்யும். எந்தச் சொல் எந்த வேலைக்கு வரும் என்பதைத் தெரிந்துகொண்டால் மீதிக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அகராதிகள் பொருளைச் சொல்கின்றனவே தவிர, இந்த இடம் அறிதலை அரிதாகவே கற்றுத் தருகின்றன.

யங் என்பதற்கும் யூத்ஃபுல் என்பதற்கும் என்ன வேறுபாடு?

யங் என்பது வயதைச் சொல்கிறது. யூத்ஃபுல் என்பது இளமையின் தன்மையைச் சொல்கிறது. ஆகையால் யூத்ஃபுல் என்ற சொல் இளமையைத் தாண்டியவருக்கே மிகுதியும் பொருந்துகிறது. அறுபது வயதிலும் நடையிலும் முகத்திலும் துடிப்புக் குறையாத ஒருவரை யூத்ஃபுல் என்பது பாராட்டு. இருபது வயதுக்காரரை அப்படிச் சொன்னால் புதிதாக எதுவும் சொன்னதாகாது. யூத் என்பதை ஒருமைப் பெயராக, ‘ஒரு யூத்’ என்று எழுதும்போது எச்சரிக்கை தேவை. ஆங்கிலச் செய்திகளில் அது பெரும்பாலும் ஆணையே குறிக்கும். அதுவும் கைது, தகராறு, விபத்து போன்ற செய்திகளிலேயே அதிகம் வரும். பாராட்டுப் பத்திரத்தில் அதைப் போடுவதைவிட ‘யங் மேன்’ அல்லது ‘யங் உமன்’ என்று எழுதுவது நல்லது.

சைல்டிஷ், சைல்ட்லைக் ஆகிய இரண்டும் குழந்தையிலிருந்துதானே வருகின்றன? ஒன்று ஏசுவதாகவும் மற்றொன்று புகழ்வதாகவும் ஆனது எப்படி?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். எல்லைப் பகுதித் தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது மற்றவர்களைவிட எளிது. மலையாளத்தில் ‘குட்டித்தம்’ என்றும் ‘பாலிசம்’ என்றும் இரண்டு சொற்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம். பெரிய ஆளாகியும் ஒருவரின் சிரிப்பிலும் வியப்பிலும் குழந்தை தெரிந்தால் அவருக்குக் குட்டித்தம் போகவில்லை என்பார்கள்; அதில் அன்பு இருக்கும். பொறுப்பான இடத்தில் இருப்பவர் அற்பமாக வாதிட்டால் அது பாலிசம்; அதில் இகழ்ச்சி இருக்கும். முதலாவதை சைல்ட்லைக் என்பதற்கும் இரண்டாவதை சைல்டிஷ் என்பதற்கும் நேராக வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

தமிழில் இந்தப் பிரிவு சற்று மங்கலாக இருக்கிறது. ‘சிறுபிள்ளைத்தனம்’ ஐயமில்லாமல் குறை சொல்வதுதான். ஆனால் ‘குழந்தைத்தனம்’ சொல்பவரின் தொனியைப் பொறுத்து இரு பக்கமும் சாயும். மொழிபெயர்ப்பாளர்கள் இடறுவதும் இந்த இடத்தில்தான். கலைஞர் ஒருவரைப் பற்றி ‘அவரிடம் ஒரு குழந்தைத்தனம் உண்டு’ என்று தமிழில் உவந்து எழுதியதை சைல்டிஷ் என்று ஆங்கிலத்தில் ஆக்கினால், புகழ்ச்சி வசையாகிவிடுகிறது. ‘குழந்தை உள்ளம்’, ‘குழந்தை போன்ற ஆர்வம்’ என்று வரும் இடங்களில் சைல்ட்லைக் என்பதே வேண்டும்.

இந்தப் பிரிவுக்கு ஓரளவுக்கு ஈறுகளும் காரணம். ‘லைக்’ என்ற ஈறு ‘போன்ற’ என்று ஒப்புமை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. ‘இஷ்’ என்ற ஈறு ஆட்பெயரோடு சேரும்போது பல நேரங்களில் ஒரு சுளிப்பைக் கொண்டுவருகிறது. ஆணை ‘உமனிஷ்’ என்பதும் பெண்ணை ‘மேனிஷ்’ என்பதும் இகழ்ச்சியே. இதை விதியாக மனப்பாடம் செய்துவிடக் கூடாது. இங்கிலிஷ், ஸ்பானிஷ் என்பவற்றில் இகழ்ச்சி ஏதுமில்லை. பாயிஷ், கேர்லிஷ் என்பவை பெரும்பாலும் இதமான சொற்கள். சைல்டிஷ் கூடத் தொடக்கத்தில் இகழ்ச்சிச் சொல் அன்று. ‘குழந்தைக்குரிய’ என்ற பொருளிலேயே வழங்கியது. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், ஒருவன் வளர்ந்தபின் குழந்தைப் பருவத்துக்குரியவற்றை விட்டுவிடுவதைச் சொல்லும் இடத்தில் இச்சொல் அந்தப் பழைய நடுநிலைப் பொருளிலேயே நிற்கிறது. இன்றும் குழந்தையின் குரல், கையெழுத்து, ஓவியம் ஆகியவற்றைக் குறிக்க அது குற்றமில்லாமல் வரும்.

கிட்டிஷ் என்று எழுதலாமா?

இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். கல்லூரி மாணவர்களின் பேச்சில் சரளமாக வரும். ஆனால் தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் சைல்டிஷ் என்றே எழுதுங்கள். வெளிநாட்டு ஆங்கிலத்தில் கிட்டிஷ் மிக அரிது.

கிட் என்பது முதலில் ஆட்டுக்குட்டியைக் குறித்த சொல். பிறகுதான் மனிதக் குழந்தைக்கு வந்தது. அதனால் பேச்சுநடைச் சாயல் அதை இன்னும் விடவில்லை. நம்மிடமும் அதே கதைதான். தொல்காப்பிய மரபியல் ஒன்பது இளமைப் பெயர்களைச் சொல்லி, அவற்றுள் குட்டி என்பதைக் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் எலிக்கும் அணிலுக்கும் உரியதாக்குகிறது. மலையாளம் அதே சொல்லை மனிதப் பிள்ளைக்குப் பொதுப்பெயராக எடுத்துக்கொண்டு ஆண்குட்டி, பெண்குட்டி என்கிறது. பாலக்காட்டு வீடுகளில் மகளைக் குட்டி என்று விளிப்பது மிக இயல்பு. அதே விளியைத் தமிழ்நாட்டுப் பேருந்தில் முன்பின் தெரியாத பெண்ணிடம் பயன்படுத்தினால் வம்பில் முடியும். ஒரு சொல் எந்த ஊரில் எந்த உறவில் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறுவதற்கு ஆங்கிலம் வரைக்கும் போக வேண்டியதில்லை.

பியூரைல் என்பதைச் சிறுவர்களுக்குப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். ‘சிறுவன்’ என்று பொருள்படும் பூயர் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்திருந்தாலும், இன்றைய பொது வழக்கில் பியூரைல் முழுக்க வசைச்சொல். வயதைச் சொல்லும் வேலை அதற்கு அநேகமாக இல்லை. சைல்டிஷைவிட அது ஏட்டுநடை, கூடுதலான ஏளனம் உடையது. பொதுவாக மனிதரைவிட அவர் சொன்னதையும் செய்ததையும் பற்றியே வரும்: நகைச்சுவை, வாதம், கேலிப்பேச்சு, கோஷம். வகுப்பறைக் கரும்பலகையில் யாரோ எழுதிவைத்த ஆபாசக் கிறுக்கலைப் போன்ற நகைச்சுவையை வளர்ந்தவர்கள் செய்தால் அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியின் வாதத்தைப் பாலிசம் என்று மலையாளத்தில் சாடும் இடத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் பியூரைல் சரியாக உட்காரும். சிறுவனைச் சொல்லும் ‘பால’ என்பதோடு உறவுடைய பாலிசமும் இதே வழியில்தான் வந்து வசைக்குள் விழுந்திருக்கிறது.

ஜூவனைல் என்றால் சிறார் குற்றவாளியா?

இல்லை. ஆனால் அப்படி ஒரு நிழல் அதன்மேல் விழுந்திருப்பது உண்மை. யூவெனிஸ் என்ற இலத்தீன் சொல் வளர்ந்த இளைஞனைக் குறித்தது. அதிலிருந்து வந்த ஜூவனைல் இன்று குறைந்தது மூன்று இடங்களில் மூன்று விதமாக நிற்கிறது.

முதலாவது சட்டம். இந்தியாவில் 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பதினாறு வயது நிறையாத ஆணையும் பதினெட்டு வயது நிறையாத பெண்ணையும் ஜூவனைல் என்றது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலருக்கும் பதினெட்டு என்று ஆக்கியது. 2015-இல் இயற்றப்பட்டு 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், முந்தைய சட்டத்தில் ‘சட்டத்தோடு முரண்பட்ட ஜூவனைல்’ என்று இருந்த தொடரைச் ‘சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை’ என்று மாற்றிவிட்டது. ஜூவனைல் என்ற சொல்லில் படிந்துவிட்ட கறையே இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. அந்தக் கருத்து சரியென்றே தோன்றுகிறது. ஆயினும் சட்டத்தின் பெயரில் அச்சொல் நிலைத்துவிட்டது. அதே சட்டம் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள்மீது மிகக் கொடிய குற்றம் சாட்டப்பட்டால், முன்மதிப்பீடு செய்து அவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி செய்கிறது. எனவே வயதைச் சொல்லும் சொல்லும் விசாரணை முறையும் எப்போதும் ஒன்றாகப் போகும் என்று எண்ணிவிடக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்திலும் இச்சொல் வருகிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, ஜூவனைல் ஒருவர் அச்சட்டத்தை மீறினால் பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாளையாறு வழியாக மகனிடம் பைக்கைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் இலக்கணத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது இச்சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இரண்டாவது உயிரியல். இங்கே எந்தக் கறையும் இல்லை. இனப்பெருக்கப் பருவத்தை எட்டாத விலங்கு, பறவை, மீன் எல்லாம் ஜூவனைல்தான். கொல்லங்கோடு முதல் விழிஞ்ஞம் வரையுள்ள எல்லைக் கடற்கரையில் இச்சொல் ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் பழக்கமானது. 2015 முதல் கேரளம் மீன்வகைகளுக்குக் குறைந்தபட்சச் சட்டப்பூர்வ அளவை விதித்திருக்கிறது. மத்திக்கு அது பத்து சென்டிமீட்டர். அதற்குக் கீழ்ப்பட்ட மீனைப் பிடிப்பதை ஆங்கில நாளிதழ்கள் ஜூவனைல் ஃபிஷிங் என்கின்றன. இதைச் ‘சிறுவர் மீன்பிடித்தல்’ என்று பெயர்த்தால் பிள்ளைகள் கடலுக்குப் போனதாகிவிடும். ‘மீன்குஞ்சு’ என்பதும் முழுக்கச் சரியன்று. குஞ்சுப் பருவத்தைத் தாண்டி, வடிவம் முழுமை பெற்று, முட்டையிடும் வளர்ச்சியை மட்டும் எட்டாத மீனே இங்கே பேசப்படுகிறது. ‘வளர்ச்சியடையாத மீன்’ அல்லது ‘இளமீன்’ பொருந்தும். மருத்துவத்திலும் முதல்வகை நீரிழிவுக்கு ஜூவனைல் டயபடீஸ் என்பது பழைய பெயராக இருந்தது. அதிலும் குறை கூறல் எதுவுமில்லை.

மூன்றாவது, வளர்ந்தவர்களைக் கண்டிப்பது. ‘உங்கள் நடத்தை ஜூவனைலாக இருக்கிறது’ என்றால் பதின்வயதுப் பையன்களின் முரட்டு விளையாட்டும் பொறுப்பின்மையும் நினைவுக்கு வர வேண்டும். சைல்டிஷ் என்பதில் அடம்பிடிக்கும் சின்னக் குழந்தை தெரிகிறது. ஜூவனைலில் தெரிபவர் அதைவிடச் சில ஆண்டு மூத்தவர்.

பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் ‘ஜூவனைல் சில்ட்ரன்’ என்று போட வேண்டாம். இலக்கணப்படி கூறியது கூறல், கேட்பவருக்கோ குற்றம் சாட்டப்பட்ட சிறாரை வைத்திருக்கும் கண்காணிப்பு இல்லம் நினைவுக்கு வரும்.

மைனர், இன்ஃபன்ட், டீனேஜர், அடலசென்ட் ஆகியவற்றின் வயது வரம்புகள் எவை?

மைனர் என்பது சட்டச்சொல். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவரம்புச் சட்டப்படி பொதுவாகப் பதினெட்டு வயது நிறையாதவர் மைனர். தமிழில் இச்சொல்லுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு: சில்க் சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரியும் பணக்கார உல்லாசியும் மைனர்தான், அந்தச் சங்கிலியும் மைனர் செயின்தான். ஐம்பது வயதானாலும் அவர் மைனராகவே இருக்கலாம். இந்தப் பொருளை ஆங்கிலம் அறியாது.

இன்ஃபன்ட் என்பது ‘பேச இயலாத’ என்ற இலத்தீன் பொருளிலிருந்து வந்தது. சிசு மரணக் கணக்கில் ஒரு வயது நிறையாத குழந்தை. விமானச் சீட்டில் இரண்டு வயது நிறையாத குழந்தை. இங்கிலாந்தின் சட்டநடையில் இருபத்தொரு வயது நிறையாதவரெல்லாம் இன்ஃபன்ட் என்று குறிக்கப்பட்ட காலம் இருந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டமொன்று அங்கே அந்த வயதைப் பதினெட்டாகக் குறைத்தது. பழைய சொத்துப் பத்திரங்களையோ தீர்ப்புகளையோ மொழிபெயர்க்கிறவர்கள் ‘இன்ஃபன்ட்’ என்றதும் தொட்டில் குழந்தை என்று எழுதிவிடக் கூடாது. அங்கே ‘உரிமை வயது அடையாதவர்’ என்பதே பொருள்.

டீனேஜர் என்பதற்குக் கணக்கு எளிது: ஆங்கில எண்ணுப்பெயர் டீன் என்று முடியும் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை. அடலசென்ட் என்பதை உலக சுகாதார நிறுவனம் பத்து முதல் பத்தொன்பது வயது வரை என்கிறது. இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதினான்கு முதல் பதினெட்டு வரை என்கிறது. யூத் என்பது ஐக்கிய நாடுகள் கணக்கில் பதினைந்து முதல் இருபத்து நான்கு. இந்தியாவின் 2014-ஆம் ஆண்டுத் தேசிய இளைஞர் கொள்கையில் பதினைந்து முதல் இருபத்தொன்பது. எந்த ஆவணத்தைப் பெயர்க்கிறீர்களோ அதன் வரையறைப் பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

அடலசென்ட் என்பதற்கு வசைப்பயன்பாடும் உண்டு. தன்னையே சுற்றிச் சுழலும் கவலை, எதிர்பாலினரைப் பற்றிய ஓயாத பேச்சு, காரணமில்லாத எதிர்ப்பு ஆகியவை வளர்ந்தவரிடம் தென்பட்டால் அடலசென்ட் என்பார்கள். தமிழில் ‘விடலைத்தனம்’ இதற்கு மிக நெருக்கமானது. சிறுபிள்ளைத்தனம் என்பதைவிடப் பொருத்தமானது.

இம்மெச்சூர் என்பது மென்மையான சொல்தானே?

ஒப்பீட்டளவில் ஆம். சைல்டிஷ் என்பது முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத சொல். இம்மெச்சூர் என்பதை ஓர் அறிக்கையில் எழுதலாம். ‘இன்னும் பக்குவப்படவில்லை, பின்னால் படலாம்’ என்ற இடைவெளியை அது விட்டுவைக்கிறது. பயிருக்கும் ஆளுக்கும் இது பொதுவானது. வண்டன்மேட்டிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகும் ஏலக்காயைப் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் இம்மெச்சூர் கேப்சூல் என்று வந்தால் அது முற்றாத காய். உலர்த்தும்போது சுருங்கி எடை இழக்கும். ஆனால் ஏலக்காய் முழுதும் பழுக்கும்வரை காத்திருந்தும் பறிப்பதில்லை. பழுப்பதற்குச் சற்று முன்பே எடுக்கிறார்கள். எனவே முற்றுதல் வேறு, பழுத்தல் வேறு. மெச்சூர் என்பது முற்றியது. ரைப் என்பது பழுத்தது. காயைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

நம் பகுதிகளில் ஒரு பெண் ‘மெச்சூர் ஆகிவிட்டாள்’ என்றால் பூப்பெய்தினாள் என்று பொருள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் அதைக் கேட்டால், அந்தப் பெண் பொறுப்பும் நிதானமும் பெற்றுவிட்டாள் என்றே கொள்வார். பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றிய மருத்துவக் குறிப்பில் ‘ஷீ இஸ் மெச்சூர்டு’ என்று எழுதுவது குழப்பத்தையே தரும். மாதவிடாய் தொடங்கிவிட்டது என்று நேராக எழுதுவதே முறை.

கிரீன், கேலோ, டெண்டர் ஆகியவை காய்கறிக் கடைச் சொற்கள் அல்லவா? அவை மனிதருக்கு எப்படி வந்தன?

கேலோ கடையிலிருந்து வரவில்லை, கூட்டிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் ‘வழுக்கை’ என்று பொருள்பட்ட சொல், இறகு முளைக்காத பறவைக்குஞ்சுக்குப் போய், அங்கிருந்து அனுபவமில்லாத இளைஞனுக்கு வந்து சேர்ந்தது. இன்று அது பெரும்பாலும் இளம் ஆண்களைப் பற்றியே வருகிறது: உலகம் தெரியாதவன், ஆனால் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவன். கிரீன் என்பதில் இந்தத் தன்னம்பிக்கை மிகுதி இல்லை. வேலைக்குப் புதியவர், எளிதில் ஏமாறக்கூடியவர் என்பதே அதன் பொருள். நாற்பது வயதில் புதுத் தொழிலுக்கு வந்தவரும் கிரீன்தான். அவரைக் கேலோ என்று சொல்வதில்லை. தமிழில் முதலாவதற்கு ‘உலகம் தெரியாத இளவட்டம்’, இரண்டாவதற்குக் ‘கத்துக்குட்டி’. இளங்கன்று பயமறியாது என்ற பழமொழியில் வரும் கன்று கேலோ அன்று. அந்தப் பழமொழியில் துணிவுக்கு ஒரு மெச்சலும் கலந்திருக்கிறது, கேலோவில் அந்த மெச்சல் கிடையாது.

‘பச்சைப்பிள்ளை’ என்பதைக் கிரீன் சைல்ட் என்று பெயர்ப்பது மாணவர்களின் விடைத்தாளில் அடிக்கடி வரும் பிழை. பச்சைப்பிள்ளை என்பது பிறந்து சில நாளான கைக்குழந்தை, ஆங்கிலத்தில் நியூபார்ன். ‘பால்மணம் மாறாத’ என்பது மட்டும் கிரீன் என்பதற்கு அருகில் வரும்.

டெண்டர் என்பது வேறு இனம். இங்கே இளநீருக்கு டெண்டர் கோகனட் என்றும், பாலக்காட்டு ஊறுகாய்ப் புட்டிகளில் வடுமாங்காய்க்கு டெண்டர் மேங்கோ என்றும் எழுதுகிறார்கள். இவை இந்திய ஆங்கிலத்தின் நல்ல ஆக்கங்கள், மாற்றத் தேவையில்லை. மேலைநாட்டுக் கடையில் இளநீர் ‘கிரீன் கோகனட்’ அல்லது ‘யங் கோகனட்’ என்ற பெயரில் இருக்கும். மனிதருக்கு வரும்போது ‘டெண்டர் ஏஜ்’ என்பது மிகச் சிறிய, காயப்படக்கூடிய வயது. அதில் பரிவு மட்டுமே உண்டு. வசையாக அது வராது.

நயீவ் என்பதற்கு ‘வெகுளி’ சரியா?

இன்றைய வழக்கில் சரி. சங்கத் தமிழில் வெகுளி என்றால் சினம் என்பதால், பழம்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள் ஏமாறாமல் இருக்க வேண்டும். இன்னசன்ட் என்பது களங்கமின்மை. நயீவ் என்பது அதோடு விவரமின்மையும் சேர்ந்தது. மலையாளத்தில் ஒருவரைப் ‘பாவம்’ என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

வயதுக்கு மீறிய அறிவுடைய குழந்தையைப் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்கிறோம். அதற்கு ஆங்கிலச் சொல் உண்டா?

பிரிகோஷஸ். இலத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு ‘முன்னதாகவே பழுத்தது’ என்றே பொருள். ஆக, தமிழ்த் தொடரும் ஆங்கிலச் சொல்லும் ஒரே காட்சியிலிருந்து பிறந்தவை. இன்னொரு செய்தியும் உண்டு. அந்த இலத்தீன் சொல்லின் பிற்பகுதி ‘சமைத்தல், பழுக்கவைத்தல்’ என்ற வினையிலிருந்து வந்தது. வடமொழியில் சமைந்ததையும் பழுத்ததையும் சொல்லும் ‘பக்வ’ என்பதும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரைச் சேர்ந்தது. தமிழில் பக்குவம் என்றும் மலையாளத்தில் பக்வத என்றும் நாம் சொல்வது அந்த வடமொழிச் சொல்லைத்தான்.

பொருளின் நிறத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. பிஞ்சிலே பழுத்தது என்றால் தமிழில் பழிதான். பெரியவர் பேச்சைப் பேசும், ஒழுக்கம் கெட்ட பிள்ளை என்ற குறிப்பு அதில் இருக்கிறது. பிரிகோஷஸ் பெரும்பாலும் வியப்பு. ஐந்து வயதில் கீர்த்தனை பாடும் குழந்தைக்கும் அது வரும். அதைத் தமிழில் பெயர்க்கும்போது ‘வயதுக்கு மீறிய திறமையுள்ள’ என்று எழுதுங்கள். பழிக்குறிப்பு உண்மையிலேயே இருக்கும் இடத்தில் மட்டும் பிஞ்சையும் பழத்தையும் கொண்டுவரலாம்.

இவற்றில் மிகக் கடுமையான சொல் எது?

இன்ஃபன்டைல் என்று சொல்லலாம். வளர்ந்தவரைக் கைக்குழந்தையின் இடத்துக்குத் தள்ளுவதால் அதற்குக் கீழே போக வழியில்லை. பேபியிஷ் அதே வயதைச் சொன்னாலும் அண்ணன் தங்கைச் சண்டைகளில் வரும் வீட்டுச்சொல், காயம் ஆழமாகாது. மருத்துவத்தில் இன்ஃபன்டைல் வெறும் வகைப்பெயர். போலியோவுக்கு இன்ஃபன்டைல் பராலிசிஸ் என்பது பழைய பெயர். சஃபமோரிக் என்பது அமெரிக்க வழக்கு. அங்கே கல்லூரி இரண்டாமாண்டு மாணவர் சஃபமோர். கொஞ்சம் படித்துவிட்டு எல்லாம் தெரிந்ததாகப் பேசும் அரைவேக்காட்டுத்தனமே சஃபமோரிக். நம் தேர்வுகளில் அது வந்தால் தெரிந்திருக்க வேண்டும். நாமாக எழுத வேண்டிய தேவை அரிது.

பாயிஷ், கேர்லிஷ் என்று யாரைச் சொல்லலாம்?

பாயிஷ் என்பது ஆணின் முகத்துக்கும் சிரிப்புக்கும் பாராட்டாகவும், பெண்ணின் முடிவெட்டுக்கு வெறும் வருணனையாகவும் வரும். கேர்லிஷ் என்பதை ஒரு பெண்ணின் சிரிப்புக்குச் சொன்னால் இதமாக இருக்கும். ஓர் ஆணுக்குச் சொன்னால் அது கேலி. அலுவலகத்தில் உடன் பணியாற்றும் பெண்ணின் கருத்தையோ முடிவையோ கேர்லிஷ் என்று எழுதுவது அவரைத் தாழ்த்துவதே ஆகும்.

மாணவரின் முன்னேற்ற அறிக்கையில் எந்தச் சொல்லை எழுதுவது?

ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி இது. எட்டு வயது மாணவரைப் பற்றி சைல்டிஷ் என்று எழுதுவது பொருளற்றது, அவர் குழந்தைதான். அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடிய நடத்தையிலிருந்து அவர் எதில் பின்தங்குகிறார் என்பதையே எழுத வேண்டும்: வரிசையில் காத்திருக்க முடியவில்லை, தோற்றால் அழுகிறார், தொடங்கிய பணியை முடிப்பதில்லை என்று. ஒரே சொல்லில் எழுதியே ஆக வேண்டிய கட்டம் படிவத்தில் இருந்தால், ‘இம்மெச்சூர் ஃபார் ஹிஸ் ஏஜ்’ அல்லது ‘ஃபார் ஹர் ஏஜ்’ என்று வயதையும் சேர்த்து எழுதுங்கள். வயதைச் சேர்க்காத இம்மெச்சூர் ஒரு குழந்தைக்கு எதையும் சொல்வதில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அதே சொல் வயதுக் குறிப்பு இல்லாமலேயே பொருள் தரும். அங்கே ஜூவனைல், பியூரைல் ஆகிய இரண்டையும் எழுதாதீர்கள். முதலாவது குற்றத்தை நினைவூட்டும், இரண்டாவது எழுதியவரின் எரிச்சலைக் காட்டிவிடும். படிவம் தமிழிலோ மலையாளத்திலோ பெற்றோருக்கு வாசித்துக் காட்டப்படுமானால் ‘வயதுக்கேற்ற பொறுப்பு இன்னும் வர வேண்டும்’ என்று சொல்லுங்கள். ‘சிறுபிள்ளைத்தனம்’ என்ற சொல்லைப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம்.